கவ்வாத்துக் கத்தியும் காகித நட்சத்திரமும்

மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பதில் அந்தப் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை. வளர்பிறையில் வெட்டியது ஆறு மாதத்தில் மாவாக உதிர்ந்துவிடும் என்றார். மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்தைத் தேடித்தான் வண்டு துளைக்கிறது என்று படித்திருக்கிறேன். அவர் அதைப் பிறைக் கணக்காக வைத்திருக்கிறார். கூரைச் சட்டத்தில் மூன்று வருடமாகத் தொங்கும் ஒரு பழைய நட்சத்திரக் கூட்டை இறக்கி என் கையில் கொடுத்தார். "பாருங்க தம்பி, ஒரு ஓட்டை இருக்கா?" இல்லை. காகிதம் எல்லாம் போய்விட்டது, மூங்கில் மட்டும் புகையேறி, கறுத்து, உறுதியாக இருந்தது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும் வளைவுகளைத் தாண்டி இறங்கினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவில்தான் அவரைச் சந்தித்தேன். டிசம்பர் நடுப்பகுதி. 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் இதே பாதையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அதிகம். அதற்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் என்ன செய்கிறார்கள் என்று இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் போனது அதற்குத்தான். நத்தாருக்கு முந்தைய இந்த வாரங்களில் லயத்து இஸ்தோப்புகளில் மூங்கில் சிம்பும் பசைச் சட்டியும் வண்ணத் தாளுமாகப் பரப்பிக்கொண்டு நட்சத்திரம் கட்டும் வேலை நடக்கும்.

பெரியவர் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடி சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இடுப்புக்குக் கீழே வெட்டுப்பட வேண்டும். வெட்டு சாய்வாக விழ வேண்டும், பட்டை கிழியக் கூடாது, ஒரே வீச்சில் முடிய வேண்டும். அதே கத்தியால்தான் இப்போது மூங்கிலைப் பிளக்கிறார். கணுவில் கத்தியை வைத்து ஒரு தட்டு, பிறகு மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் மூங்கில் தானாகவே நீளவாக்கில் விரிகிறது. பிளந்ததை மறுபடி பிளந்து, உள்பக்கத்து வெள்ளைச் சோற்றைச் சீவி எறிந்து, பச்சைத் தோலுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறார். சோறு இருந்தால் பாரம், தோல் இருந்தால் வளையும். ஒவ்வொரு சிம்பையும் நடுவில் விரல்மேல் வைத்து நிறுத்திப் பார்க்கிறார். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவுகிறார்.

நட்சத்திரம் ஒன்றுக்கு ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு. ஐந்தை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பின்னி, முனைகளைக் கட்டினால் ஐந்து கூர் உள்ள ஒரு தட்டை நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் அதே போல் இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து ஐந்து முனைகளிலும் இறுக்கக் கட்டுகிறார். இதுவரை கோலம் மாதிரித் தட்டையாகத்தான் கிடக்கிறது. அதற்குப் பிறகு விரல் நீளத்தில் ஐந்து முட்டுக் குச்சிகளை, சிம்புகள் குறுக்கிடும் இடங்களில் நெம்பி நிறுத்துகிறார். ஒவ்வொரு முட்டு ஏறும்போதும் கூடு கொஞ்சம் உப்புகிறது. ஐந்தாவது முட்டு ஏறியதும் மூங்கில் முழுவதும் விறைத்து, சுண்டினால் ஒலிக்கிற அளவுக்கு இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவிசைதான் காற்றில் அதைக் காப்பாற்றுகிறது. ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை.

தாள் ஒட்டுவது மருமகளின் பொறுப்பு. அவர் கொழுந்து பறிக்கிறவர். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிச் சமைத்து, அதற்கும் பிறகுதான் இந்த வேலை. கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறார். கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டி, ஒரு சிட்டிகை துத்தம் போடுகிறார். துத்தம் போடாவிட்டால் கரப்பான் தாளைத் தின்றுவிடும். அடுப்பில் எரிவது கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி. பசைக்குப் போகிற இந்த மாவுதான் இரவு ரொட்டிக்கும் என்பதால், எவ்வளவு கிண்டுவது என்பதில் அவருக்குக் கணக்கு உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது வடிகஞ்சியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். "ஒட்டுச்சுங்க, ஆனா பனி இறங்குனதும் உரிஞ்சிருச்சு" என்றார்.

பனியும் மூடுபனியும்தான் இங்கே இந்தத் தொழிலின் பெரிய எதிரி. ஹட்டன் 4,000 அடிக்கு மேல் இருக்கிறது, நுவரெலியா 6,000 அடிக்கும் மேல். டிசு பேப்பர் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துத் தொங்கிவிடும், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும். அதனால் ஒட்டிய ஒவ்வொரு பக்கத்தையும் அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கும் பரணின் ஓரத்தில் கொஞ்ச நேரம் மாட்டிவைக்கிறார். அதிக நேரம் வைத்தால் புகை மஞ்சளாக்கிவிடும். எடுக்க வேண்டிய நேரத்தைத் தாளைத் தட்டிப் பார்த்தே சொல்கிறார்.

அவர் விரல்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனிகள் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருந்தன, வெடித்தும் இருந்தன. வெடிப்பில் மெல்லிய தாள் சிக்கிக் கிழியும். அதனால் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடரை விரல்களில் பூசிக்கொண்டுதான் தாளைத் தொடுகிறார். அதன்பிறகு அந்தக் கை வேறு கை. ஓரத்தை ஒரு நெல் அகலத்துக்கு மடித்து, சிம்பைச் சுற்றிப் பசை தடவி, வாயால் ஊதி இறுக்குகிறார். ஒரு சுருக்கம் இல்லை.

அவர்கள் வீட்டில் மாட்டியிருப்பது பிள்ளையார் படமும் முருகன் படமும். நட்சத்திரம் செய்கிறவர்கள் சைவர்கள், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து லயத்துக் கத்தோலிக்கர்கள். அடுத்த காம்பராவில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கு மானாப்புல், தரைக்குப் பாறையிலிருந்து உரித்த பாசி, ஓரத்தில் ஒரு சைப்ரஸ் கிளை. குடிலைச் சுற்றிப் பசுமை காட்ட ஒரு தட்டில் பயறு முளைக்கப் போட்டிருந்தது. போட்டுக் கொடுத்தவர் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் அதே பாட்டி. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோரணம் வேண்டும். இந்த உயரத்தில் தென்னை காய்க்காது, குருத்து கீழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். வராத வருடங்களில் வீரகேசரி ஞாயிறு இதழின் வண்ணப் பக்கங்களை ஓலை போல மடித்து வெட்டித் தொங்கவிடுகிறார்கள். முன்பு தேயிலை பலகைப் பெட்டியில் போன காலத்தில், பெட்டியின் உள்ளே ஒட்டும் வெள்ளித் தாளில் கழிந்த துண்டுகள் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, கிடைக்குமாம். அதில் வெட்டிய பூக்கள் விளக்கொளியில் மின்னும் என்று பெரியவர் சொன்னார். பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

உண்மையில் இந்த வீட்டின் பெரிய சீசன், பௌத்தர்களின் பண்டிகையான வெசாக். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அந்த மாதங்கள் முழுக்க ஹட்டன் நகரம் யாத்திரிகர்களால் நிரம்பியிருக்கும். தொடக்கத்தில் நட்சத்திரம், முடிவில் வெசாக் கூடு. மூங்கிலும் பசையும் அதேதான். நகரத்துச் சிங்களக் குடும்பங்களும் கடைக்காரர்களும் ஏப்ரலிலேயே சொல்லிவைத்துவிடுகிறார்கள். பெரியவர் கட்டுவது அட்டபட்டம என்று சொல்கிற வகை. ஆறு சதுரங்கள், 24 சிம்புகள், மூலையோடு மூலை கட்டினால் இடைவெளியில் தானாகவே எட்டு முக்கோணங்கள் பிறக்கின்றன. சதுரங்களுக்கு ஒரு நிறம், முக்கோணங்களுக்கு ஒரு நிறம், அடியில் நீண்ட காகித வால்கள். வெசாக் தினம் 1885இல் பொது விடுமுறையானது. ரயில் நானுஓயாவை எட்டியதும் அதே வருடம்தான். அந்தப் பாதை இறக்குமதித் தாளையும் சாயத்தையும் மலைக்கு எளிதாகக் கொண்டுவந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியவருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் மூத்த அண்ணன். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகக் குடும்பங்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தபோது அண்ணன் பெயர் இந்தியப் பக்கம் விழுந்தது. கோச்சி ஏறித் தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். தம்பிக்குக் கடைசியாக வந்த கடிதத்தில், அங்கும் நத்தாருக்கு நட்சத்திரம் கட்டுவதாகவும், மூங்கில் தடிப்பு அதிகம், சீவ நேரமெடுக்கிறது என்றும் எழுதியிருந்தாராம். கடிதத்தின் மற்ற விஷயங்களைப் பெரியவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லயத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு அலங்காரமா என்கிறார்கள். ஒரு காம்பரா, ஒரு குசினி, ஒரு இஸ்தோப்பு. இது தோட்டத்தின் சொத்து. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, லயத்தில் இருப்பவருக்குக் காணி உறுதி வரவில்லை. 2017 மே மாதம் சர்வதேச வெசாக் விழாவுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்தில் பேசியபோது, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் நடந்தே போயிருக்கிறார். இந்தப் பிரிவில் புது வீடு இன்னும் வரவில்லை. அறையை நீட்டவும் கூரையை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கவும் தோரணம் கட்டவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்க முடிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதனால் இதை ஓய்வு நேர வேலை என்று என்னால் எழுத முடியாது.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நிறைவேறியது. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. பண்டிகை முற்பணம் கையில் வந்ததும் கடனுக்கும் உடுப்புக்கும் போய்விடும், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கழியும். இந்த நிலையில் நகரத்துக் கடையில் மின்குமிழோடு தொங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை ஒருவர் வாங்கினால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் நுவரெலியாவின் பெரிய விடுதிகள் அப்படிச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை முகப்பில் மாட்டுகிறவர்கள் அவர் கையால் ஒட்டிய நட்சத்திரத்தையும் வாசலில் மாட்டலாம். விலை கொடுத்து மாட்டலாம்.

பேத்தி உயர்தரம் படிக்கிறாள். நட்சத்திரத்தைக் கொழும்புக்கு அனுப்ப வழி தேடுகிறாள், புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை செய்யும் சித்தப்பா மகன் விற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கட்டிய நட்சத்திரம் பஸ்ஸில் நசுங்கிவிடும். அவள் கண்டுபிடித்தது இது: ஐந்து முட்டுக் குச்சிகளையும் கழற்றிவிட்டால் கூடு தட்டையாக மடங்கும். பக்கத் தாளைக் கொஞ்சம் தளர்வாக ஒட்டி உள்பக்கம் மடிப்புப் போட்டால் தாளும் கிழியாது. குச்சிகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். குச்சி நுனியில் சின்னதாக ஒரு வெட்டு, சிம்பு அதில் உட்கார்ந்துகொள்ளும்.

"காத்துல கழண்டு விழும்" என்றார் தாத்தா.

"வெட்ட இன்னும் ஆழமா போட்டா விழாது தாத்தா."

"ஆழமா போட்டா குச்சி பொளந்துரும்."

இருவரும் மாறி மாறிக் குச்சிகளை வெட்டிப் பார்த்தார்கள். நான்கு பிளந்தன. கணுவுக்குப் பக்கத்தில் வெட்டினால் பிளக்கவில்லை என்று கடைசியில் தெரிந்தது. தாத்தாதான் முதலில் கவனித்தார், ஆனால் அதைப் பேத்தியின் யோசனை என்றே மருமகளிடம் சொன்னார். அவள் அதற்குள் வெசாக்குக்குத் தாவிவிட்டாள். ஆறு சதுரங்களையும் தனித்தனியாக ஒட்டி அடுக்கி அனுப்பினால், பன்னிரண்டு மூலை முடிச்சுகளை வாங்குகிறவர்களே போட்டுக்கொள்ளலாம். எப்படிக் கட்டுவது என்று தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். சிங்களப் பக்கத்தில் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், கடைவீதியில் கூடு வாங்கும் அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை காட்டப் போகிறாள்.