பூஜ்யம் என்னும் மதிப்பெண்

மனிதனை அளப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் சற்றே ஐயத்துடன் விலகி நின்றவன் நான். இலக்கியம் வாசிக்கிற எவருக்கும் அது இயல்புதான். நானூறு பக்கம் எழுதியும் தீராத ஒருவனை ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிடலாம் என்று சொல்பவர்களை எப்படி நம்புவது? ஆகவே பணி ஓய்வுக்குப் பிறகு தேர்வுகளின் புள்ளியியலைக் கற்க உட்கார்ந்தபோது நண்பர்கள் சிரித்தார்கள். இரண்டு வருடங்களாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கரை தெரியவில்லை. ஆனால் கணிதப் பழக்கம் இல்லாத வாசகரோடும் பகிர்ந்துகொள்ளத்தக்க சில விஷயங்கள் கைக்கு வந்திருக்கின்றன.

இத்துறையில் என்னை ஈர்த்த முதல் ஆளுமை கேயோர்க் ராஷ். 1901இல் டென்மார்க்கில் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் கணிதத்துறையில் நிலையான இடம் கிடைக்காமல் புள்ளியியல் ஆலோசகராகப் பிழைப்பை ஓட்டியவர். முப்பதுகளின் நடுவில் லண்டன் சென்று ரொனால்ட் ஃபிஷரிடம் பயின்றார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் மேசைக்கு ஒரு சிக்கல் வந்தது. வாசிப்பதில் பின்தங்கிய குழந்தைகள் உரக்கப் படிக்கும்போது செய்த பிழைகளின் கணக்கு அது. தனிப்பயிற்சியால் அவர்கள் முன்னேறினார்களா என்று தெரியவேண்டும். ஆனால் ஒரு வயதில் ஒரு பாடம், அடுத்த வயதில் வேறொரு பாடம் என்று படித்திருந்தார்கள். பிழை குறைந்தது பிள்ளை வளர்ந்ததாலா, பாடம் எளிதாக இருந்ததாலா?

எளிய கேள்விபோலத்தான் தோன்றும். ஆனால் தேர்வு என்ற ஏற்பாட்டின் அடிப்படைச் சிடுக்கே இதுதான். வினாத்தாள் கடினமா என்பதை மாணவர்களை வைத்துச் சொல்கிறோம். மாணவர்கள் கெட்டிக்காரர்களா என்பதை வினாத்தாளை வைத்துச் சொல்கிறோம். ஆளுக்கு ஆள் நீளம் மாறும் முழக்கோலால் துணி அளப்பதைப் போன்றது இது.

ராஷ் கண்ட வழியை இப்படி விளக்கலாம். ஒரு வினாத்தாளிலிருந்து இரண்டே வினாக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சரியாக விடையளித்தவர்களை ஒதுக்கிவிடுவோம். இரண்டிலும் தவறியவர்களையும் ஒதுக்கிவிடுவோம். மிஞ்சுபவர்கள் ஏதோ ஒன்றை மட்டும் சரியாகச் செய்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் முதல் வினாவைச் செய்தார்கள், எத்தனை பேர் இரண்டாவதைச் செய்தார்கள் என்று எண்ணினால் போதும். அவரது மாதிரியில் அந்த விகிதம் இரு வினாக்களின் கடினத்தை மட்டுமே சார்ந்தது. அவற்றைச் செய்தவன் மேதையா மந்தமானவனா என்பது கணக்கில் வருவதே இல்லை. சமன்பாட்டில் மாணவனின் திறன் மேலும் கீழும் நின்று அடிபட்டுப் போய்விடுகிறது. மறுபுறம் இரு மாணவர்களை ஒப்பிடும்போது வினாவின் கடினம் அவ்வாறே அடிபட்டுப்போகிறது. பிற்காலத்தில் பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராக்னர் ஃப்ரிஷ், இந்த மறைதலைப் பார்த்து வியந்தார் என்று ராஷ் நினைவுகூர்ந்திருக்கிறார். காகிதத்தில் அதை நானே போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

1960இல் கோபன்ஹேகனில் வெளியான அவரது சிறிய நூலில் இம்மாதிரி முழுவடிவம் பெற்றது. திறனும் கடினமும் ஒரே கோட்டில் வைக்கப்படுகின்றன. இரண்டும் சமமானால் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. திறன் ஓர் அலகு மேலே இருந்தால் வாய்ப்பு 73 விழுக்காடு, இரண்டு அலகு மேலே இருந்தால் 88. மாதிரி சொல்வது இவ்வளவுதான். வல்லவனும் எளிய வினாவில் தவறலாம், எளியவனும் கடினமானதைச் செய்துவிடலாம் என்ற இடம் அதில் எப்போதும் திறந்திருக்கிறது. 

இதில் ஒரு விளைவு என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. ஒரு மாணவன் எல்லா வினாக்களிலும் தவறினால் அவனுடைய திறன் என்ன? பள்ளியில் அதற்குப் பூஜ்யம் என்று பெயர், கூடவே சில வசைகளும். ராஷின் கணக்கில் அவனுக்கு எண்ணே கிடையாது. மதிப்பீடு கீழ்நோக்கி முடிவின்றி ஓடுகிறது, எங்கும் நிற்பதில்லை. அவன் இருக்கும் இடம்வரை இந்தத் தேர்வு எட்டவில்லை என்பது அதன் பொருள். நூற்றுக்கு நூறு வாங்கியவனின் நிலையும் அதேதான், திசை மட்டும் வேறு. மதிப்பெண் பட்டியலில் இரு கோடிகளில் நிற்கும் இருவரையும் நாம் அளந்திருக்கவே இல்லை.

என் அண்ணன் 1980இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் 34 வாங்கினார். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மறுபடி எழுத மறுத்து லேத் பட்டறையில் சேர்ந்தார். அந்த ஒரு மதிப்பெண் எங்கள் வீட்டுத் திண்ணையில் பல வருடங்கள் ஓர் ஆளைப் போல உட்கார்ந்திருந்தது. அப்பா சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார். போன வருடம் ஒரு கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஒரு மதிப்பெண் வீதம் நூறு வினாக்கள் கொண்ட தேர்வு என்று வைத்துக்கொண்டால், 34 வாங்குகிற ஒருவரின் மதிப்பெண்ணில் தற்செயலால் வரக்கூடிய ஊசலாட்டம் மேலும் கீழுமாக நான்கைத் தாண்டும். அதே ஆளுக்கு அதே தரமுள்ள வேறு தாளைக் கொடுத்திருந்தால் 31 வந்திருக்கலாம், 38உம் வந்திருக்கலாம். அண்ணனிடம் சொன்னேன். அவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. "ஷாஃப்ட்டுக்கே டாலரன்ஸ் போட்டுத்தானேடா டிராயிங் தர்றாங்க. மனுஷனுக்குப் போடாம விட்டுட்டாங்களா?" என்றார்.

எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்று கேட்கலாம். வேண்டும்தான். கோட்டின் தடிமனையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

இனி இத்துறையின் சண்டைகள். அவை நம் இலக்கியச் சண்டைகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அமெரிக்காவில் ஆலன் பிர்ன்பாம் உருவாக்கி, லார்டும் நோவிக்கும் 1968இல் வெளியிட்ட பெருநூலில் இடம்பெற்ற மாதிரிகள் வினாவுக்குக் கூடுதல் குணங்களைத் தருகின்றன. வினாவின் பிரித்தறியும் கூர்மை ஒன்று, ஊகித்து விடையளிப்பதற்கான இடம் மற்றொன்று. தரவுகளுக்கு அவை மேலும் நெருக்கமாகப் பொருந்தும். இயற்பியலிலிருந்து உளவியலுக்கு வந்த சிகாகோவின் பெஞ்சமின் ரைட், ராஷின் உரைகளை 1960இல் கேட்டு அவருடைய தீவிரப் பிரச்சாரகராக ஆனவர். அவர் தரப்பு இதை ஏற்கவில்லை. வினாவுக்கு வினா கூர்மை மாறினால் ஒரு வினா எளியவனுக்கு எளிதாகவும் வல்லவனுக்கு மற்றதைவிடக் கடினமாகவும் ஆகிவிடும், பிறகு கடினம் என்ற சொல்லுக்கே பொருளில்லை என்றார்கள். பொருந்தாத தரவு வந்தால் மாதிரியை மாற்றாதே, வினாவைச் சந்தேகி என்பது அவர்கள் நிலை. 

இது ஏட்டுச்சண்டை மட்டுமல்ல. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசா 2012வரை ராஷின் வழியிலேயே நடந்தது, 2015இல்தான் மாற்றிக்கொண்டது. அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடியில் நின்றன. அடுத்த சுற்றுக்கு இந்தியா செல்லவில்லை. வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மையா சாக்கா என்று மேடையில் விவாதிக்கவேண்டியதில்லை. வினாக்களின் கடின வரிசை நம் பிள்ளைகளிடம் மட்டும் தாறுமாறாக மாறுகிறதா என்று பார்த்தாலே பெருமளவு விளங்கிவிடும். மாறவில்லை என்றால் பழி வினாமேல் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஜோயல் மிட்செல் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளரின் கேள்வி கிடக்கிறது. திறன் என்பது நீளத்தைப் போல அளவுடைய ஒன்றுதானா? அதை உளவியலாளர்கள் சோதித்ததே இல்லை, வெறுமனே எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். ராஷ் மாதிரியில் அவர் காட்டும் முரண் விசித்திரமானது. எவரும் தடுமாறாத உலகை எண்ணிப்பாருங்கள். தன் திறனுக்குக் கீழுள்ள வினாக்களை ஒருவன் தவறாமல் செய்கிறான், மேலுள்ளவற்றில் தவறாமல் தோற்கிறான். அப்பழுக்கற்ற அத்தகவலிலிருந்து யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை மட்டுமே கிடைக்கும், தொலைவு கிடைக்காது. எவ்வளவு முன்னே என்று சொல்ல நம் தடுமாற்றங்கள் தேவைப்படுகின்றன. பிழையை நீக்கினால் அளவு கூர்மையாவதற்குப் பதில் காணாமல் போகிறது. ராஷ் தரப்பினர் இதற்குச் சொல்லும் பதில்களை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை படித்ததில் என் சாய்வு மிட்செல் பக்கமே.