கேலிக்கும் மதிப்பளித்த மருத்துவருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் அவர்களுக்கு,

1913-இல் நீங்கள் கண்மூடிய ஸ்டுட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானின் மருத்துவக் கல்விக்கு நீங்கள் ஆற்றிய பணியை அந்நாடு மறக்கவில்லை. நான் நன்றி சொல்வது, கவனபே கியோசாய் என்ற குறும்புக்கார ஓவியரைப் பெருங்கலைஞராக மதித்தீர்களே, அதற்காக.

கேலிப்படம் வரைய அங்கே துணிச்சல் வேண்டியிருந்தது. சிறுவன் கியோசாய்க்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்த குனியோஷி, 1843-இல் மரக்கட்டை அச்சில் ஒரு பழங்கதைப் படம் வெளியிட்டார். நோயுற்ற தலைவன் கண்ணயர்ந்திருக்கிறான். பின்னால் பேய்க்கூட்டம் திரள்கிறது. கண்ணயர்ந்தவர் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன், பேய்களோ கெடுபிடிச் சட்டங்களால் பிழைப்பிழந்த மக்கள் என்று இன்றைய தோக்கியோவான எடோ நகரமே பொருள் சொன்னது. அஞ்சிய பதிப்பாளர் அச்சுக்கட்டைகளை அழித்தார்.

மாணவரும் சளைக்கவில்லை. 1864-இல் ஷோகன் ஆட்சிக்கும் சோஷூ பிரபுவுக்கும் மூண்ட மோதலைத் தவளைப் போராக்கி அச்சிட்டார். ஆட்சி மாறிய பின்னும், 1870-இல், ஒரு விருந்தில் வரைந்த கேலிக்காகச் சிறையும் கசையடியும் பெற்றார்.

1876-இல் நீங்கள் தோக்கியோ வந்தபோது, படித்தவர்கள் பலர் தங்கள் பழமையைச் சொல்லவே கூசினார்கள். நீங்களோ கியோசாயிடம் நட்பு கொண்டு, அவர் படைப்புகளைச் சேர்த்தீர்கள். 1889 ஏப்ரலில், அவருடைய கடைசி நாளில், ஜப்பானின் தலைசிறந்த ஓவியர் பிழைக்கமாட்டார் என்று நாட்குறிப்பில் எழுதினீர்கள். நீங்கள் சேர்த்தவற்றை இன்று இந்நகரின் லிண்டன் அருங்காட்சியகம் பேணுகிறது.

தமிழராகிய எங்களுக்கு இதன் அருமை தெரியும். 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி ஆங்கில ஆட்சியைக் கருத்துப்படங்களால் குத்திக்காட்டினார். 1908-இல் அடக்குமுறை வந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறை சென்றார், இதழ் புதுச்சேரிக்குப் போனது. அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-இல் நூலாக்கினார். அதுவரை எத்தனை தமிழர் அவற்றைக் கண்டிருப்பார்கள்!

கேலிப்படம் அன்றைய பரபரப்போடு கிழிந்து போகக்கூடியது. சேர்த்துவைப்பவர் இல்லையென்றால் ஆண்டவர்களின் ஆணைகள் மட்டும் மிஞ்சும். ஆளப்பட்டவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள், எதற்குக் கொதித்தார்கள் என்பது தெரியாமலே போய்விடும். ஜப்பானியரின் அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு நமக்கும் கிடைக்கச் செய்தவர்களுள் நீங்களும் ஒருவர்.

இதற்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றுண்டு. பழைய தமிழ் இதழ்களைப் பரணில் வைத்திருப்பவர்களிடம், எடைக்குப் போடாமல் ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நன்றியுடன்,
ஸ்டுட்கார்ட் வாழ் தமிழ் வாசகர் ஒருவர்