நகத்தில் தேயும் பிறை

நகத்தின் மேல் வண்ணம் பூசுவது வேறு. நகத்தையே சிவக்க வைப்பது வேறு. நாகூர்ப் பெண்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொட்டாக வேண்டும். நகப்பூச்சு படலமாக நின்று தண்ணீரை மறித்துவிடும். ஐந்து வேளையும் அழித்து அழித்துப் பூச யாரால் ஆகும்? மருதாணி அப்படியல்ல. அது உள்ளே இறங்கிவிடுகிற சாயம், தண்ணீருக்குத் தடையில்லை. 1980களில் சபுராளிகளின், அதாவது பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின், பெட்டிகளில் கியூடெக்ஸ் குப்பிகள் வந்து இறங்கியபோதும், எங்கள் வீட்டில் அவை தொழுகையில்லாத நாட்களுக்காக அலமாரியில் காத்துக்கிடந்தன.

மருதாணிக்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ஓர் அம்மி, ஓர் ஈர்க்குச்சி, கொஞ்சம் பழந்துணி. இலையோடு கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மைய அரைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிவப்பு பிடிக்காது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். விரல்நுனி முழுவதையும் மூடித் தொப்பி வைப்பது எல்லோருக்கும் கைவரும். என் லாத்தா அதோடு நிற்கமாட்டாள். உருகிய மெழுகில் ஈர்க்குச்சியின் முனையைத் தோய்த்து, சற்றே ஆறவிட்டு, நகத்தில் புள்ளியாகவும் கோடாகவும் இழுப்பாள். அதன்மேல் மருதாணி. காலையில் மெழுகைப் பெயர்த்தெடுத்தால் சிவந்த நகத்தில் வெளிர்ப் பிறையும் மூன்று புள்ளிகளும் தெரியும். பெருநாளுக்கு முந்திய இரவிலும், நாகப்பட்டினத்திலிருந்து கந்தூரிக் கொடி ஊர்வலம் வருகிற நாளுக்கு முன்பும் தெருப்பெண்கள் அவள் முன்னால் விரல்களை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஆடிப்பெருக்குச் சமயத்தில் அடுத்த தெரு இந்துத் தோழிகளும் வந்துவிடுவார்கள். இலைக்கு மதம் ஏது?

மருதாணியின் சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்னும் புரதத்தோடு அது பிணைந்துகொள்கிறது. தோல் தன் மேலடுக்கை உதிர்த்துக்கொண்டே இருப்பதால் உள்ளங்கைச் சிவப்பு இரண்டொரு வாரங்களில் போய்விடும். நகமோ உதிர்வதில்லை, வளர மட்டுமே செய்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஆகவே நகத்தின் சிவப்பு எளிதில் அழிவதில்லை. அடியிலிருந்து புது நகம் தள்ளத் தள்ள நுனியை நோக்கி நகர்ந்து, பிறையாகத் தேய்ந்து, கடைசியில் நகவெட்டியில் போய்ச் சேர்கிறது. (கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவது இந்தக் கணக்கில் சேராது. அதில் பெரும்பாலும் தலைச்சாயங்களில் பயன்படும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும்.)

சபுராளி வீடுகளில் இந்த நகர்வுதான் நாட்காட்டி. வாப்பா ஊர் வருவதற்கு முதல்நாள் உம்மா வைத்துக்கொண்ட மருதாணி, அவர் திரும்பிப் போன பிறகும் அவள் விரல்களில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டும்போது சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முழுவதும் வெளுத்த பின்னும் மிச்சமிருக்கும் மாதங்களுக்குத்தான் அவளிடம் கணக்கில்லை.

2011இல், நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள், ஊரோடு வந்து தங்கிவிட்டிருந்த வாப்பா மவுத்தானார். உம்மாவின் பத்து நகங்களும் அப்போது முழுச் சிவப்பாக இருந்தன. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும்; அந்த நாட்களில் அலங்காரம் கூடாது, மருதாணியும் கூடாது. புதிதாக வைக்கக்கூடாது, சரி. ஏற்கெனவே வைத்ததை என்ன செய்வது? வந்திருந்த பெண்களில் ஒருத்தி எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்க்கலாமே என்றாள். உம்மா கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். ‘அஹ இருக்கும்போது வச்சது. தானா போவட்டும்.’

தானாகத்தான் போயிற்று. இத்தா முடிந்த அன்று கட்டைவிரல் நுனிகளில் மட்டும் நூலளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மார்க்கத்தின் கணக்கும் நகத்தின் கணக்கும் அவ்வளவு அருகில் வந்தது தற்செயல்தான். அதில் மறைபொருள் தேட நான் விரும்பவில்லை. ஆனால் நகப்பூச்சாக இருந்திருந்தால் பஞ்சில் நனைத்த அசிட்டோன் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்திருக்கும் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறேன்.

இத்தா கழிந்த பெண்ணுக்கு மருதாணி விலக்கில்லை. மார்க்கம் தடுக்கவில்லை, ஊர்தான் தயங்கும். அடுத்த பெருநாளுக்கு உம்மா எங்களுக்காக அரைத்துத் தந்தாள், தான் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த பெருநாள் இரவில் லாத்தா, கேட்பது போலக்கூட இல்லாமல், அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். உம்மா விரலை விடுவித்துக்கொள்ளவில்லை.