இலையோ? பூச்சியோ?

கண்டி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களிற் கொய்யா மரம் நிற்பது புதுமையன்று. ஆனால், அம்மரத்தில் இலையோடு இலையாய் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர் சிலரே. அதுவே இலைப்பூச்சி. நடுநரம்பு, கிளைநரம்பு, பழுத்த ஓரம், புழு அரித்தாற் போன்ற கறை யாவும் அதன் உடலில் உண்டு. காற்றில் இலை அசைவது போல அசைந்தசைந்தே அது நடக்கும்.

இத்தகைய உயிர்களைத் தேடிப் படம்பிடிப்பதை எம் வீட்டார் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளோம். விலையுயர்ந்த கமரா வேண்டியதில்லை, கைத்தொலைபேசியே போதும். வேண்டுவது பொறுமை. பூச்சியைத் தேடினால் அது அகப்படாது. அதன் அடையாளங்களைத் தேடுதல் வேண்டும். இலை விளிம்பு புதிதாய்க் கடிபட்டிருக்கிறதா, கீழிலைகளில் எச்சம் கிடக்கிறதா என்று முதலிற் பார்ப்போம். பின்பு இலைகளின் அடிப்புறத்தை ஒவ்வொன்றாய் நோக்குவோம். இலைக்குக் காம்பு ஒன்று. பூச்சிக்கோ கால்கள் ஆறு.

மரப்பட்டையோடு தட்டையாய் ஒட்டியிருக்கும் கும்பிடுபூச்சியை நேரே நின்று காணுதல் அரிது. பக்கவாட்டில் நின்று நோக்கினால், காலை வெயிலில் அதன் மெல்லிய நிழலே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தையும் அங்கிருந்தே எடுத்தல் நன்று. கமராவின் மின்னொளியை நேரே பாய்ச்சினால் நிழல் அழிந்து, பூச்சி படத்திலும் மறைந்துவிடும்.

"கையில் எடுத்து வைத்துப் படம் பிடித்தால் என்ன?" என்று எம் வீட்டுச் சிறுவர் கேட்பதுண்டு. மறைவே அதன் உயிர்க்காப்பு என்பதற்கு இங்கிலாந்தில் நல்ல சான்றுண்டு. தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்த மான்செஸ்டர்ப் பகுதியில், 1848இல் அரிதாயிருந்த கருநிற அந்துப்பூச்சி, 1895 அளவில் நூற்றுக்கு 98 ஆகப் பெருகிற்று. வெளிர்நிறத்தவற்றைப் பறவைகள் எளிதிற் கண்டு தின்றமையே காரணம். 1956இன் தூய காற்றுச் சட்டத்தின் பின், புகை குறையக் குறைய, வெளிர்நிறத்தவை மீண்டன. ஆகவே நாம் கிளையை வளைப்பதுமில்லை, பூச்சியை இடம்பெயர்ப்பதுமில்லை.

மற்றுமொன்று. இலைப்பூச்சி தன் முட்டைகளை நிலத்தில் உதிர்த்துவிடும். விதைகளைப் போலத் தோன்றும் அவை பொரிக்கச் சில மாதங்கள் செல்லும். வெளிவரும் குஞ்சு செந்நிறமாயிருந்து, மரமேறி இலை தின்ற பின்பே பச்சையாகும். முற்றத்தைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவதோ நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். அத்தீயில் அடுத்த தலைமுறையே வெந்துபோகும்.

கொய்யாவடிச் சருகை மட்டும் விட்டுவைப்போம் என்றபோது, "கூட்டாத முற்றத்தில் இலட்சுமி கால்வைப்பாளா?" என்று அம்மம்மா சினந்தார். விரல் நகமளவுக் குஞ்சொன்றின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். ஒன்றும் பேசினாரில்லை. ஆயினும் அவரது விளக்குமாறு இப்பொழுது கொய்யாவுக்கு ஒரு முழம் இப்பாலே நின்றுவிடுகிறது.