மிக்ஸி ஓடாத வீடு

நவம்பர் 3, 2025, திங்கள்

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி மீட்டிங் இதுவரை எனக்கு மாலை 6.30. இன்றிலிருந்து 7.30. அவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். கோவில்பட்டியில் அம்மாவுக்கு இரண்டு சீரியல் நஷ்டம். கூடத்தில்தான் டிவி, கூடத்தில்தான் என் மேஜை. உள்ளறைக்கு வைஃபை எட்டாது. அம்மா சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “கதை என்னாச்சும்மா?” என்றேன்.

“அழுதுக்கிட்டு இருக்கா. எதுக்குன்னுதான் தெரியல.”

நவம்பர் 4, செவ்வாய்

ஆபீஸிலிருந்து ஊழியர் நலன் சர்வே. வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி இருக்கிறதாம். 5-க்கு 4 போட்டேன். பொய்யில்லை. சென்னையில் ஓஎம்ஆர் பஸ்ஸில் தினமும் இரண்டரை மணி நேரம் நின்றவன் நான். ரூம் வாடகை மிச்சம். ஹோட்டல் சாப்பாட்டை விட்டதில் வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. முதுகுவலி மட்டும் ஊருக்குக் கூடவே வந்துவிட்டது. அதற்குத்தான் அந்த ஒரு மார்க்.

அம்மாவைப் பற்றி அதில் கேள்வி எதுவும் இல்லை. போன வருஷம் ஒருநாள் குக்கர் விசில் மைக்கில் போய், அந்தப் பக்கம் “ரயிலா?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மறுநாளிலிருந்து சாயங்காலம் 5 மணிக்கே குக்கர் ஏறிவிடுகிறது. ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் ஆறின சோறு. “ரசம் சூடாத்தான்யா இருக்கு” என்று அதற்கொரு சமாதானம்.

நவம்பர் 6, வியாழன்

வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் எல்லோரும் எடுத்துக்காட்டும் சீன ஆய்வைப் படித்தேன். ஷாங்காயின் சீட்ரிப் பயண நிறுவனக் கால் சென்டரில் 2010-ல் தொடங்கி ஒன்பது மாதம், நிக்கலஸ் ப்ளூம் குழுவினர் நடத்தியது. வாரத்தில் நான்கு நாள் வீட்டில் வேலை. வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அப்படியும் கடைசியில் விருப்பம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டில் தனிமை தாங்கவில்லை.

எனக்கு உறைத்தது வேறு. ஆய்வில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நவம்பர் 8, சனி

லீவு. எட்டரைக்கு எழுந்தேன். அடுப்படியில் மிக்ஸி ஒரு சுற்று ஓடி, சட்டென்று நின்றது. தேங்காய்ச் சட்னிக் கையோடு அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். லேப்டாப் மூடித்தான் கிடந்தது.

“ஏய்யா, போட்டுக்கிடட்டா?”