வில்லை போடும் கணக்கு

தமிழ்ப்பள்ளியில் நான் அறிந்த குவிவில்லை, இடைநிலைப்பள்ளியில் ‘கந்தா செம்போங்’ ஆனது. இரண்டு இடத்திலும் அது எறும்பைப் பெரிதாக்கிப் பார்க்கவும் வெயிலில் காகிதத்தை எரிக்கவும்தான் பயன்பட்டது. அது கணக்கும் போடும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஒளியியல் ஆய்வுக்கூடத்தில்தான் கண்டேன்.

லேசர் ஒளியின் பாதையில், நுண்ணிய கோடுகள் வரைந்த படத்தகடு ஒன்றை வைத்தோம். அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, அதே அளவு குவியத்தூரம் கொண்ட வில்லை. இன்னும் 20 சென்டிமீட்டர் தள்ளித் திரை. திரையில் கோடுகள் இல்லை, ஒளிப்புள்ளிகளின் வரிசைதான் இருந்தது. கோடுகளை நெருக்கினால் புள்ளிகள் விலகின. ஒரு படத்தில் எந்தெந்த அலைகள் எவ்வளவு கலந்துள்ளன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் அது! ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளிகள் கொண்ட படத்துக்கு இதைச் செய்யக் கணினிக்கு, விரைவான வழியிலேயே, பல மில்லியன் பெருக்கல்கள் வேண்டும். ஒளிக்கோ அந்த 40 சென்டிமீட்டரைக் கடக்கும் 1.3 நானோவினாடி போதும். தேர்வுக்கு முந்திய இரவுகளில் தொகையீடு போட்டுக் கைவலித்த எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இது புதிய வித்தை அன்று. 1950களின் இறுதியிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர், விமான ராடார் பதிவுகளைப் படச்சுருளில் ஏற்றி, வில்லைகளைக் கொண்டே நிலத்தின் படமாக்கினர். அன்றைய கணினிகளால் அது இயலவில்லை. பிறகு கணினிகள் வளர்ந்தன. துல்லியத்தில் தோற்ற வில்லைகள் ஒதுங்கின. 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட ஒளிச்சில்லை வைத்து நான்கு உயிரொலிகளை அடையாளம் காணச் செய்தபோதும் 76.7 விழுக்காடுதான் சரியாக வந்தது. வழக்கமான கணினிக்கு 91.7. (உயிரெழுத்தில் இப்படித் தடுமாறினால் எங்கள் முதலாம் ஆண்டு ஆசிரியை விட்டிருக்கமாட்டார்.)

இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்தேன். “வேலை கிடைக்கிற தலைப்பா எடுடா” என்றனர் நண்பர்கள். அம்மாவின் கவலை வேறு. “லைட்டுல கணக்கா? கரண்டு பில்லு என்னாவறது?”

ஆங்கிலத்தில் படித்ததை அம்மாவிடம் தமிழில் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் சமையல்தான் கைகொடுத்தது. கோயில் அன்னதானத்துக்கு நூறு பேருக்குச் சமைத்தாலும் அம்மா உப்பை நிறுத்துப் போட்டதில்லை, எல்லாம் கையளவு. கணினி ஒவ்வொரு கல்லுப்பாக நிறுக்கும், ஒளி ஒரே கையில் அள்ளிப் போடும் என்றேன்.

“சரி, உப்பு எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும்?”

என் மேற்பார்வையாளர் கேட்ட கேள்வியும் அதுதான். லேசரின் நடுக்கம், வில்லையில் படிந்த தூசு, ஒளிப்படக்கருவியின் இரைச்சல் ஆகியவற்றில் எது விடையை எவ்வளவு பிசகச் செய்கிறது என்று இப்போது ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறேன்.