பரிந்து பேச ஒருவர்

இங்கிலாந்தில் 1381-ஆம் ஆண்டு குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பதினைந்து வயது கடந்த ஒவ்வொருவரும் தலைக்கு ஒரு ஷில்லிங் வரி கட்ட வேண்டும் என்ற உத்தரவு அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்தது. எசெக்ஸிலிருந்தும் கென்டிலிருந்தும் புறப்பட்ட கூட்டம் லண்டனுக்குள் புகுந்தது. ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டு திடலில் அவர்களுடைய தலைவர் வாட் டைலர் வெட்டிக் கொல்லப்பட்டார். பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டு அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த உரிமைச் சாசனங்கள் மூன்று வாரம் ஆவதற்குள் ரத்தாயின. ஊர் ஊராக விசாரணை நடந்தது, தூக்கு மரங்கள் எழுந்தன. அதன்பின் நாடாளுமன்றத்தில் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அரசியாக வரப்போகிற ஆன் அம்மையார் வேண்டிக் கேட்டுக்கொண்டார் என்பது.

ஆன், பொஹீமியாவிலிருந்து வந்த பதினைந்து வயதுப் பெண். திருமணம் 1382 ஜனவரியில்தான் நடந்தது. வந்து இறங்கும் ஊரில் யார் கலகம் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? ஆனாலும் அவர் பெயர் மன்னிப்போடு சேர்ந்துவிட்டது. தொடர்ந்து தனித்தனி ஆட்களுக்கு வழங்கப்பட்ட மன்னிப்புக் கடிதங்களிலும் அரசியின் வேண்டுகோள் என்ற குறிப்பு வருகிறது. அவருக்கு முந்தைய அரசி பிலிப்பாவின் கதை இன்னும் பிரபலம். 1347-இல் பதினோரு மாத முற்றுகைக்குப் பிறகு பிரெஞ்சு நகரமான கலே பணிந்தபோது, ஆறு பிரமுகர்கள் கழுத்தில் கயிற்றோடு மூன்றாம் எட்வர்டின் முன் வந்து நின்றார்கள். கொல்லச் சொன்னான் அரசன். கர்ப்பிணியான பிலிப்பா மண்டியிட்டு அழுது அவர்களை மீட்டதாக வரலாற்றாசிரியர் ஃப்ரவாசார் எழுதினார். அந்த அறுவரைத்தான் ரோடன் பின்னாளில் வெண்கலச் சிலையாக வடித்தார்.

இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு முன்கூட்டியே பேசிவைத்த சடங்கு என்று வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். சடங்காகவே இருக்கட்டும், அந்தச் சடங்கு ஏன் தேவைப்பட்டது என்று யோசிக்கிறேன். கொல் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன அரசன் தானாக இறங்கிவந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். மனைவி கேட்டாள், மறுக்க முடியவில்லை என்றால் கௌரவமும் நிற்கும், உயிர்களும் பிழைக்கும். கடுமையிலிருந்து வெளியேற ஆள்பவனுக்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைத் திறந்து பிடிப்பது அரசியின் வேலையாக இருந்தது. எல்லா நேரமும் அது பலிக்கவும் இல்லை. 1388-இல் கணவரின் ஆசான் சைமன் பர்லிக்காக எதிரணிப் பிரபுக்களிடம் ஆன் கெஞ்சினார். அவர்கள் இரங்கவில்லை, பர்லியின் தலை போயிற்று.

தமிழில் இப்படி ஓர் அரசி உண்டா என்று தேடத் தொடங்கினேன். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கும் தெருவைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி கூடவே வரும். 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியவரின் பெயரில் அமைந்த நூலகம் அது. பதிலும் புறநானூற்றில்தான் கிடைத்தது, நான் எதிர்பார்த்த ஆளாக இல்லை. நம் ஊரில் அரசனின் கோபத்துக்கும் சாகப்போகிறவருக்கும் நடுவில் நின்றவர் புலவர்.

நாற்பத்தாறாம் பாட்டின் சூழலைச் சொல்கிறேன். சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இட்டு மிதிக்க வைக்கப் பார்க்கிறான். அங்கே கோவூர்கிழார் பேசுகிறார். ஒரு புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே கொடுத்தவன் குலத்தில் வந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் முன்னோரை நினைவூட்டுகிறார். இந்தப் பிள்ளைகளோ, புலவர்களின் பசியைக் கண்டு தங்கள் சோற்றைப் பகிர்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள் என்கிறார். பிறகு சட்டென்று குழந்தைகள் பக்கம் கையை நீட்டுகிறார். அவர்கள் யானையைக் கண்டு அழுகையை மறந்து நிற்கிறார்கள், முன்பின் பார்த்திராத அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் புதிதாக மிரள்கிறார்கள். தங்களைக் கொல்லப்போவது எது என்று தெரியாத வயது. சொன்னதைக் கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம் என்று புலவர் முடித்துவிடுகிறார். குழந்தைகள் பிழைத்தார்கள் என்கிறது பாட்டின் பழைய குறிப்பு.

இந்தப் பாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குழந்தைகளின் பார்வை. கோவூர்கிழார் சட்டம் பேசவில்லை, பகைக்குக் காரணம் யார் என்று ஆராயவில்லை. எதிரியின் பிள்ளை என்று அரசன் வைத்திருந்த பெயரை எடுத்துவிட்டு, அங்கே நிற்பவர்களை அவனையே பார்க்க வைத்தார். பரிந்து பேசுவதன் முழுக் கலையும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். நூற்று நாற்பத்து மூன்று முதல் நூற்று நாற்பத்தேழு வரையிலான பாட்டுகளில், மயிலுக்குப் போர்வை தந்த பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் போய்ப் பேசுகிறார்கள். பரிசு வேண்டாம், அவளிடம் போ என்பதுதான் அவர்கள் கேட்டது. மேற்கே அரசி பிறருக்காக மண்டியிட்டாள். இங்கே அரசிக்காகப் புலவர்கள் வாசலில் நின்றார்கள். சிறைப்பட்டவர்களுக்காகச் சோழனிடம் கேட்ட பெண்ணும் நம் இலக்கியத்தில் உண்டு. அவள் மணிமேகலை, கையில் பிச்சைப் பாத்திரம் ஏந்திய துறவி. அவள் கேட்டுச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று.

புலவருக்கும் துறவிக்கும் அரசன் ஏன் செவிசாய்த்தான்? தங்களுக்கென்று எதையும் கேட்காதவர்கள் என்பதால்தான் என்று நினைக்கிறேன். அரசிக்கு அன்பு தகுதியாக இருந்தது என்றால், இவர்களுக்குப் பற்றின்மை தகுதியாக இருந்தது.

இனி நம் காலத்துச் சென்னைக்கு வருகிறேன். அடையாற்றிலிருந்து சர்தார் படேல் சாலை வழியாகக் கிண்டிக்குப் போனால், மரங்கள் அடர்ந்த மதிலுக்குப் பின்னே ஆளுநர் மாளிகை இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி அந்த முகவரியில் இருக்கிறது. குடியரசுத் தலைவருக்கு 72-ஆம் பிரிவு. முடியாட்சியின் கருணை, குடியாட்சியில் இந்த இரண்டு பிரிவுகளாகத் தங்கியிருக்கிறது.

ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். காவலர்கள் உள்பட இன்னும் பலர் அங்கே உயிரிழந்தார்கள். பூவிருந்தவல்லியில் நடந்த விசாரணையின் முடிவில், 1998 ஜனவரியில் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதிசெய்தது: நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன். கணவரை இழந்த சோனியா காந்தி அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனிடம், நளினியைத் தூக்கிலிட வேண்டாம், சிறையில் பிறந்த அவருடைய பெண் குழந்தை தாயில்லாமல் போகக் கூடாது என்று வேண்டினார். இவருடைய தகுதி அரசியின் அன்பும் அல்ல, புலவரின் பற்றின்மையும் அல்ல. இழந்தவரின் தகுதி அது. அதற்கு மேல் ஒரு தகுதி இருக்க முடியாது.

அப்போது கிண்டி மாளிகையில் இருந்தவரும் ஒரு பெண். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989-இல் பொறுப்பேற்ற பாத்திமா பீவி. 1999 அக்டோபரில் அவர் நால்வரின் மனுக்களையும் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை பெறாமல் முடிவெடுத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் சொன்னது. 2000 ஏப்ரலில் மு. கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை நளினிக்கு மட்டும் பரிந்துரைத்தது, ஆளுநர் கையெழுத்திட்டார். தூக்கு ஆயுளாயிற்று. மற்ற மூவரின் மனுக்கள் டெல்லிக்குப் போயின.

அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள், ஜோலார்பேட்டைக்காரர். பத்தொன்பது வயது மகனை 1991 ஜூனில் போலீஸ் அழைத்துப் போனபோது விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியவர். அவருக்கு அரண்மனை இல்லை, பாடல் புனையும் வாக்கு இல்லை, இழந்தவர் என்ற பெயரும் இல்லை. துணிப்பையில் தாள்களோடு சிறைவாசல், நீதிமன்றம், கட்சி அலுவலகம், கூட்ட மேடை என்று அவர் ஏறி இறங்கியதைச் சென்னையில் பார்க்காதவர் குறைவு. 2011 ஆகஸ்டில், பதினோரு ஆண்டுகள் கழித்து, குடியரசுத் தலைவர் மனுவை நிராகரித்தார். தூக்குக்கு நாள் குறித்தாயிற்று. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தையே காரணமாக்கி மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. 2018 செப்டம்பரில் இந்த வழக்கில் சிறையில் இருந்த ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. கோப்பு கிண்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, பிறகு டெல்லிக்குப் போனது. கடைசியில் 2022 மே 18 அன்று 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. நவம்பரில் மற்ற ஆறு பேரையும் விடுவித்தது.

இதை எழுதும்போது ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களின் வீடுகளையும் நினைக்கிறேன். பணிக்குப் போன காவலரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் யார் போய்ப் பேசினார்கள்? அவர்களில் சிலர் இந்த விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்கு முழு நியாயம் உண்டு. கருணை காட்டும் அரசு அவர்களையும் உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரக்கம் ஒரு பக்க வாசலில் மட்டும் நின்றால் அது பாதி இரக்கம்தான்.

நெடுங்காலம் வக்கீலாக இருந்த என் சித்தப்பாவோடு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போது இதைப் பற்றிப் பேசினேன். "இந்தக் கேஸ் எல்லாருக்கும் தெரியும்மா. பேர் தெரியாம ஜெயில்ல கிடக்கறவனுக்கு யார் மனு எழுதறா? உள்ளே எழுதப் படிக்கத் தெரிஞ்ச இன்னொரு கைதி எழுதிக் குடுப்பான். குடும்பக் கஷ்டம்னு நாலு வரி. அதை வெச்சுத்தான் ஒருத்தன் உயிரைத் தீர்மானிக்கறா" என்றார்.

"வக்கீல் எழுதித் தர மாட்டாங்களா, சித்தப்பா?"

"அப்பீல் முடிஞ்சதும் நாங்க கட்டை மூடி வெச்சுடுவோம். அதுக்கப்புறம்தான் அவனுக்கு ஆள் வேணும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. இங்கிலாந்தின் பொதுமன்னிப்பிலும் முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெயர் குறித்து விலக்கப்பட்டிருந்தார்கள். அரசியின் காதுவரை எட்டியவர்கள் பிழைத்தார்கள். கலே நகரில் ஆறு பிரமுகர்களின் கதையை உலகம் அறியும். முற்றுகையின் பட்டினியில் செத்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. கோவூர்கிழார் அன்று வேறு ஊரில் இருந்திருந்தால் மலையமானின் பிள்ளைகள் கதி என்ன? அற்புதம்மாளுக்குக் கால் வலுவும் மன வலுவும் இல்லாமல் போயிருந்தால்? ஓர் உயிர் இத்தனை தற்செயலில் தொங்கலாமா?

இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சௌகான் வழக்கில், ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. நியாயமில்லாத தாமதம் தூக்கைக் குறைக்கக் காரணமாகும். கருணை மனு நிராகரிக்கப்பட்டால் கைதிக்கும் குடும்பத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு குறைந்தது பதினான்கு நாள் கழித்தே தண்டனை நிறைவேற வேண்டும். எல்லாக் கட்டத்திலும் சட்ட உதவி கிடைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைப் படித்தபோது, அரசியின் மண்டியிடலையும் புலவரின் வாக்கையும் சாதாரண விதிகளாக மாற்ற ஒரு நாடு முயல்கிறது என்று தோன்றியது. அதில் எனக்குப் பெருமைதான்.

விதி மட்டும் போதாது. மனுவை எழுதித்தரும் வக்கீல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அதற்கென்று நேரம் ஒதுக்கும் அலுவலர், காரணத்தோடு குறித்த காலத்தில் பதில் தரும் ஆளுநர், இறந்தவரின் வீட்டுக்கும் போய்ப் பேசும் அரசு என்று இத்தனையும் கூடவேண்டும். தன் பிள்ளைக்காகக் கேட்க ஒரு தாய் முப்பத்தொரு ஆண்டு நடக்க வேண்டியிருந்தது என்பதை அவருடைய பெருமையாக மட்டும் பேசி நாம் முடித்துக்கொள்ளக் கூடாது. அந்த நடையை அவர்மேல் சுமத்தியவர்கள் நாம். பரிந்து பேச ஆளில்லாத கைதிக்கு அந்த ஆளைத் தேடிக் கொடுப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்கித் தருவது நம் கடமை.